வாழைப்பழத்துக்கு எந்த ஓதல்? யூதர்களின் பெராகோத் சட்டம் பற்றி

பொத்துவிலில் மச்சானுடைய பழக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பின்னேரம். அறுகம்பேக்கு அலைச்சறுக்க வந்த வெளிநாட்டுப் பொடியன் ஒருவன் வந்து அரைச் சீப்புக் கதலி வாங்கினான். உச்சந்தலையில் ஒட்டினாற்போல ஒரு சின்னத் தொப்பி. நின்ற இடத்திலேயே ஒரு பழத்தை உரித்தான். வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். உதடு அசைந்தது. பிறகுதான் கடித்தான்.

"என்ன மச்சான், நம்மட ஆள் மாதிரி பிஸ்மி சொல்றான்?" என்றார் மச்சான். அந்தச் சந்தோசத்தில் ஒரு மாம்பழத் துண்டையும் வெட்டி அவனிடம் நீட்டினார். அவன் மறுபடியும் நிறுத்தி, மறுபடியும் எதையோ சொல்லிவிட்டுத்தான் தின்றான். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். தான் யூதன் என்றான். வாழைக்கு ஒரு ஓதல், மாங்காய்க்கு வேறு ஓதல் என்றான். ஏன் வேறு என்று கேட்டதற்கு, வாழை மரமில்லையே என்று சாதாரணமாகச் சொன்னான்.

31 வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். வாழை மரமல்ல, நாம் தண்டு என்று சொல்வது இலைமடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய உருளைதான் என்று எத்தனையோ வகுப்பில் கத்தியிருக்கிறேன். "சரி சேர்" என்று தலையாட்டிவிட்டு வாழைமரம் என்றே சொல்லிக்கொண்டு போவார்கள். அதே விசயத்தை ஒருவன் தன் மார்க்கக் கடமையாகச் சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஆச்சரியத்தில் தொடங்கிய வாசிப்பில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இப்போது இதை எழுதத்தான் வேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். காஸாவின் பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியை நான் தட்டிவிடவில்லை. கீழே அதற்கு வருவேன்.

அந்த ஓதலுக்கு எபிரேய மொழியில் பெராகா என்று பெயர். பன்மையில் பெராகோத். நாம் பரகத் என்கிறோமே, அதே வேர்ச்சொல். ஆனால் இங்கே பொருள் வேறு பக்கம் சாய்கிறது. அடியான் இறைவனைப் புகழ்ந்து நன்றி சொல்லும் வாசகம் அது. நம் கணக்கில் ஹம்துக்குக் கிட்ட வரும். அதில் இறைவனின் பெயரும் அவனுடைய அரசாட்சியும் சொல்லப்படாவிட்டால் அது பெராகாவே அல்ல என்பது சட்டம். அமைப்பிலும் ஒரு புதுமை உண்டு. இறைவனை "நீ" என்று நேரில் அழைத்துத் தொடங்கும் வாசகம், பாதியிலே "அவன்" என்று படர்க்கைக்கு மாறிவிடும். அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இல்திஃபாத் என்றால் விளங்கும். சூரா ஃபாத்திஹாவில் நாம் படர்க்கையில் தொடங்கி "உன்னையே" என்று முன்னிலைக்கு வருகிறோம். இவர்கள் முன்னிலையில் தொடங்கிப் பின்வாங்குகிறார்கள். கிட்டப் போய்விட்டு மரியாதைக்காக இரண்டடி பின்னால் நகர்வதைப்போல என்று எனக்குப் படுகிறது.

இந்தச் சட்டங்களின் அடிப்படை நூல் மிஷ்னா. கி.பி. 200 அளவில் ரப்பி யெஹூதா ஹனாசி என்பவர் தொகுத்தது. அதன் முதல் பாகத்துக்கு "விதைகள்" என்று பெயர். முழுக்க முழுக்க விவசாயச் சட்டங்கள்: எந்த மூலையை ஏழைக்கு விடுவது, எந்த விதையோடு எதைக் கலக்கக் கூடாது, பத்தில் ஒன்றை எப்படிப் பிரிப்பது. அந்தப் பாகத்தின் வாசலிலேயே, முதல் கிதாபாக, பெராகோத்தை வைத்திருக்கிறார்கள். தொழுகையும் நன்றி சொல்வதும் விதைநெல்லோடு ஒரே கட்டில். ஏன் அப்படி என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். வயலில் கால் வைத்தவனுக்கு அது கேள்வியாகவே படாது.

மிஷ்னாவுக்கு விரிவுரையாக ஈராக்கில் உருவானது பாபிலோனியத் தல்மூத். அங்கே ஒரு விவாதம் வருகிறது. பூமி முழுவதும் இறைவனுக்குரியது என்று சபூரின் ஓரிடம் சொல்கிறது. பூமியை மனுசருக்குக் கொடுத்துவிட்டான் என்று இன்னோரிடம் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? பெராகா சொல்லுமுன் அது அவனுடையது, சொன்ன பிறகு நம்முடையது என்று தீர்க்கிறார்கள். ஆகவே சொல்லாமல் தின்பவன், ஆலயத்துக்கு நேர்ந்துவிட்ட பொருளைச் சொந்தத்துக்கு எடுத்தவனுக்குச் சமம். நம் வழக்கில் சொன்னால் வக்ஃபுச் சொத்தில் கைவைத்த மாதிரி. இந்த இடத்தில் ரவா என்ற அறிஞர் சொல்லும் யோசனைதான் எனக்குப் பிடித்தது. அந்தக் குற்றத்தில் விழாமல் இருக்க, முன்கூட்டியே ஓர் ஆலிமிடம் போய் எந்தப் பொருளுக்கு எந்த பெராகா என்று படித்துக்கொள் என்கிறார். தின்பதற்கு முதல் படிப்பு.

படிக்கத்தான் நிறைய இருக்கிறது. மரத்தில் காய்ப்பதற்கு "ஹா எட்ஸ்", அதாவது மரத்தின் கனியைப் படைத்தவன் என்ற வாசகம். நிலத்தில் விளையும் பயிருக்கு "ஹா அதாமா". அதாமா என்றால் மண். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரோடு சேர்ந்த சொல். பாணுக்குத் தனி. பாணல்லாத மாப்பண்டங்களுக்குத் தனி. திராட்சை மதுவுக்குத் தனி. இறைச்சி, மீன், முட்டை, பால், தண்ணீர் போன்றவற்றுக்கு "ஷெஹகோல்", எல்லாம் அவன் சொல்லால் உண்டானது என்ற பொதுவாசகம்.

எது மரம்? பழத்தைப் பறித்த பிறகும் கொம்பு நின்று அடுத்த வருடம் அதே கொம்பில் காய்த்தால் மரம். வருடா வருடம் அடியோடு போய் வேரிலிருந்து புதிதாக முளைத்தால் பயிர். வாழை குலை தள்ளி முடிந்ததும் தாய் சாகும், பக்கத்தில் குட்டி எழும்பும். ஆகவே வாழைப்பழத்துக்கு ஹா அதாமா. இதைப் பதிந்து வைத்தவர் யோசேஃப் காரோ. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். உஸ்மானியர் ஆட்சியில் ஸஃபத் நகரில் குடியிருந்தார். 1565இல் வெனிஸில் அச்சான அவருடைய "ஷுல்ஹான் அரூக்" இன்றுவரை யூதர்களின் பிரதான சட்டக் கோவை. அதில் வாழையை அவர் குறிப்பிடும் சொல் என்ன தெரியுமா? "மவ்ஸ்" என்ற நம் கிதாபுகளின் அரபுச் சொல்லைத்தான் எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார். அன்னாசிக்கும் ஹா அதாமாதான்.

பிழையாகச் சொல்லிவிட்டால்? மிஷ்னாவின் பதில் அழகானது. மரக்கனிக்கு "மண்ணின் கனி" என்று சொல்லிவிட்டால் நிறைவேறிவிடும், ஏனென்றால் மரமும் மண்ணில்தான் நிற்கிறது. நிலப்பயிருக்கு "மரத்தின் கனி" என்று சொன்னால் நிறைவேறாது, அது பொய். எதற்கும் ஷெஹகோல் சொல்லிவிட்டால் நடந்து முடிந்த அளவில் செல்லும். பொதுவாகச் சொன்னால் உண்மை கெடவில்லை. குறித்துச் சொல்லிப் பிழைத்தால் கெட்டுவிடுகிறது.

நம்மட சோற்றின் கதை இன்னும் வேடிக்கை. கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களில் செய்தால்தான் பாண். அரிசி அந்த ஐந்தில் இல்லை. ஆனாலும் வயிற்றை நிரப்பி உயிரைத் தாங்குவது என்பதால் சோற்றுக்கு முன்னால் மாப்பண்டத்தின் ஓதலைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு சொல்வதை மட்டும் மிகச் சின்னதாக்கிவிட்டார்கள். ஒரு சைத்தூன் காயளவு கோதுமைப் பாண் தின்றவன் நான்கு பகுதியுள்ள நீண்ட நன்றியுரை ஓத வேண்டும். ஒரு சஹன் சோற்றை முடித்தவனுக்கு ஒரே வரி. அம்பாறையில் நெல் விதைத்தவனுக்கு இது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அந்த நீண்ட நன்றியுரைக்கு "பிர்கத் ஹமஸோன்" என்று பெயர். இந்த ஓதல்களில் தவ்றாத்தின் நேரடிக் கட்டளையாகக் கொள்ளப்படுவது அதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வதெல்லாம் பிற்கால அறிஞர்கள் விதித்தது. நான் எதிர்பார்த்தது தலைகீழாக. பசித்தவனுக்கு இறைவன் ஞாபகம் வருவது பெரிய காரியமல்ல. வயிறு நிறைந்து, வீடு கட்டி, ஆடுமாடு பெருகிய பிறகு மறந்துவிடாதே என்பதுதான் அந்தக் கட்டளை வரும் இடத்திலுள்ள எச்சரிக்கை. மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டால் ஒருவர் மற்றவரை அழைத்துத் தொடங்கி வைக்க வேண்டும். இமாம் வைத்துக்கொள்கிற மாதிரி.

தண்ணீருக்கும் ஓதல் உண்டு, தாகத்துக்குக் குடித்தால். தொண்டையில் அடைத்ததை இறக்கக் குடித்தால் இல்லை. காய்ந்த மிளகைச் சும்மா மென்றால் இல்லை, அது உணவல்ல. ஆனால் இந்தியர் நாட்டிலிருந்து வரும் ஒரு பாகுப் பண்டத்துக்கு, இஞ்சியில் செய்தது என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள், ஹா அதாமா சொல்லலாம் என்று தல்மூதிலே ஒரு தீர்ப்பு இருக்கிறது. நம் பக்கத்து இஞ்சி ஈராக்கின் மத்ரஸாவுக்குள் போய் மஸ்அலாவாக உட்கார்ந்திருக்கிறது!

சாப்பாட்டோடு முடியவில்லை. எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூன், மேற்கத்தேயர் மைமோனிடிஸ் என்பவர், பெராகோத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: அனுபவிப்பதற்குச் சொல்வது, ஒரு கட்டளையை நிறைவேற்றும்போது சொல்வது, பார்த்ததற்கும் கேட்டதற்கும் புகழாகச் சொல்வது. இடி இடித்தால் ஒன்று. மின்னினால் ஒன்று. வானவில்லைக் கண்டால் நூஹ் நபியின் காலத்து உடன்படிக்கையை நினைத்து ஒன்று. வசந்தத்தில் காய்க்கும் மரம் பூத்ததைக் கண்டால் வருடத்துக்கு ஒரு தரம். சூரியனுக்கு 28 வருடத்துக்கு ஒரு தரம். கடைசியாக 2009 ஏப்ரல் 8ஆம் திகதி சொன்னார்கள், அடுத்தது 2037இல். சேவல் கூவினால், இரவையும் பகலையும் பிரித்தறியும் அறிவை அதற்குக் கொடுத்தவனைப் புகழ வேண்டும். சேவல் கூவினால் அல்லாஹ்வின் அருளைக் கேளுங்கள் என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும்தானே. நேசமான ஒருவரை முப்பது நாள் காணாதிருந்து கண்டால் ஒரு ஓதல். ஒரு வருடம் காணாதிருந்து கண்டாலோ, மரித்தவரை உயிர்ப்பிப்பவன் என்று புகழ வேண்டும். மத்திய கிழக்கிலிருந்து இரண்டு வருடம் கழித்து மகன் வந்து இறங்கும்போது கட்டுநாயக்கவில் நிற்கும் உம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு நாளைக்கு நூறு பெராகோத் சொல்ல வேண்டும் என்று ரப்பி மெயிர் சொன்னதாக வருகிறது. காலையில் கண்ணைத் திறந்தால், எழுந்து உட்கார்ந்தால், உடுத்தால், செருப்பைப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முதலில் இவை அந்தந்தச் செயலோடு சொல்லப்பட்டவை. பின்னர் எல்லாவற்றையும் சேர்த்து ஆலயத்தில் வரிசையாக ஓதி முடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்னு மைமூன் இதைப் பிழை என்றார். செய்யாததற்கு எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். அவர் சொல் எடுபடவில்லை, இன்றும் வரிசையாகத்தான் ஓதுகிறார்கள். அந்த வரிசையில், என்னை அந்நிய இனத்தவனாகப் படைக்காததற்கும், ஆண்கள் சொல்வதில் பெண்ணாகப் படைக்காததற்கும் நன்றி சொல்கிற வாசகங்களும் இருக்கின்றன. கடமைகள் கூடுதலாகக் கிடைத்ததற்கான நன்றி அது என்று அவர்கள் விளக்குகிறார்கள். அவர்களில் சில பிரிவினர் வாசகத்தையே மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

கழிவறையிலிருந்து வந்ததும் சொல்லும் ஒன்று உண்டு. "அஷெர் யட்ஸர்" என்று பெயர். மனுசனை ஞானத்தோடு படைத்து, அவனுக்குள் துளைகளையும் பொந்துகளையும் அமைத்தவன், அதில் ஒன்று திறக்க வேண்டாத இடத்தில் திறந்தாலோ அடைக்க வேண்டாத இடத்தில் அடைத்தாலோ உயிரோடு நிற்க முடியாது என்பது அதன் கருத்து. தல்மூதில் அபாயே என்ற அறிஞரின் பெயரில் வருகிறது. நாமும் வெளியே வந்து "குஃப்ரானக்க" என்கிறோம். சிறு பிராயத்தில் ஓதிக்கொடுத்த காலம் தொட்டு நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தத்தோடு சத்தமாக. மூன்று வருடத்துக்கு முதல் ஒரு இரவு, சலம் போகாமல் விடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுபஹுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். அந்தத் தண்ணீர் பையில் இறங்கும் சத்தம் கேட்டபோது என் வாயில் வந்த குஃப்ரானக்க, அறுபது வருடத்தில் நான் சொன்ன முதலாவது குஃப்ரானக்க. அபாயே சொன்ன துளையும் பொந்தும் அதற்குப் பிறகுதான் எனக்கு வாசிக்கக் கிடைத்தது. வாசிப்பதற்கு முதலே உடம்பு படித்திருந்தது.

இவ்வளவு ஓதல்களையும் அடுக்கினவர்கள் அதே அளவுக்கு ஒரு தடையையும் வைத்திருக்கிறார்கள். தேவையில்லாமல் சொன்ன ஓதலுக்கு "பெராகா லெவட்டாலா" என்று பெயர். பாத்தில் என்கிறோமே, அதே வேர். வீணானது. அப்படிச் சொன்னவன் இறைவனின் பெயரை வீணாக எடுத்தவனைப் போன்றவன், அதற்கு ஆமீன் சொல்லவும் கூடாது என்கிறார் இப்னு மைமூன். ஆகவே சொன்னேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லாதே என்பது பொதுவிதி. விதிவிலக்கு பாண் தின்று வயிறு நிறைந்தவனின் நீண்ட நன்றியுரைக்கு. அது தவ்றாத்தின் கட்டளை என்பதால் சந்தேகம் வந்தால் திரும்ப ஓத வேண்டும்.

நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். பிஸ்மில்லாஹ்வை இரண்டு தரம் சொன்னவனை யாரும் குற்றம் பிடிப்பதில்லை. தொடக்கத்தில் மறந்தால் இடையில் ஞாபகம் வந்ததும் "அவ்வலஹு வ ஆகிரஹு" என்று சேர்த்துக்கொள்ள ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். யூதச் சட்டத்தில் தின்று முடித்த பிறகு முன்னோதலை ஈடுசெய்ய முடியாது, போனது போனதுதான். நமக்குக் கிடைத்திருப்பது விசாலம். அந்த விசாலத்தில் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். என்னுடைய பிஸ்மி செருமல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எதைத் தின்கிறோம் என்று பார்க்காமலே சொல்லலாம், சொன்னேன். அந்தப் பொடியன் பழத்தைப் பார்க்காமல் வாய் திறக்க முடியாது. இது மரமா, பயிரா, யார் தந்தது, முதலில் நினைத்த சாப்பாட்டில் சேர்ந்ததா என்று யோசித்தாக வேண்டும். மச்சான் சும்மா கொடுத்த மாம்பழத்துக்கு அவன் மறுபடி நின்றது அதனால்தான்.

நடந்து முடிந்ததற்காகக் கேட்பதையும் மிஷ்னா வீண் துஆ என்கிறது. ஊருக்குள் வரும்போது கூக்குரல் கேட்கிறது. யா அல்லாஹ், அது என் வீடாக இருக்கக்கூடாது என்று நம் மனசு கேட்கும். கேட்காதே என்கிறார்கள். அழுகை ஏற்கனவே ஒரு வீட்டில் எழுந்துவிட்டது. உன்னுடையது இல்லையென்றால் இன்னொருவனுடையது. கெட்ட செய்தி வந்தால் சொல்வதற்கும் வாசகம் உண்டு, இறைவனை உண்மையான நீதிபதி என்று புகழ்வது. நம் இன்னாலில்லாஹியின் இடத்தில் நிற்பது.

இனி வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அபகரித்த கோதுமையை அரைத்து, பிசைந்து, சுட்டு, அதிலே மார்க்கப்படி பிரிக்க வேண்டிய பங்கையும் பிரித்துவிட்டு ஒருவன் பெராகா சொன்னால் அது என்ன? தல்மூதில் ரப்பி எலியேஸர் பென் யாக்கோப் இந்தக் கேள்வியைக் கேட்டு, அவன் ஓதவில்லை, இறைநிந்தை செய்கிறான் என்று தீர்க்கிறார். அரைத்ததும் சுட்டதும் கோதுமையை உருமாற்றியிருக்கலாம். சட்டப்படி அவன் விலையை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் ஆகலாம். ஆனாலும் பெயரை அதன்மேல் சொல்ல முடியாது. எந்த அரசும் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் எழுதி வைத்த சொல் இது. பிடுங்கிய நிலத்தில் சைத்தூன் பறித்து, அதற்கு ஓதிவிட்டுத் தின்பவர்களை அளப்பதற்கு வேறு அளவுகோல் தேட வேண்டியதில்லை. அவர்களுடைய கிதாபிலேயே இருக்கிறது.

இந்த இடத்தை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் வெற்றிக்களிப்போடு. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அப்ப நம்மட வலீமாச் சோத்துக்கு ஓதின பிஸ்மி?" என்று கேட்டாள்.

1986. கைக்கூலி வாங்கித்தான் என் கலியாணம் நடந்தது. வாப்பா பேசினார், நான் பேசாமல் இருந்தேன். அவளுடைய வாப்பா ஒரு ஏக்கர் வயலை ஈடு வைத்தார், மீட்கவேயில்லை. அந்தக் காசில்தான் மாடு அறுத்து ஊருக்குச் சோறு கொடுத்தோம். நூறு சஹனிலும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் கை வைத்தார்கள். ஹறாமான காரியத்துக்குப் பிஸ்மி சொல்லக் கூடாது என்று நம் ஃபிக்ஹ் கிதாபுகளிலும் இருக்கிறது. நான் ஓதிய மத்ரஸாவில் அதற்குச் சாராயத்தைத்தான் உதாரணம் சொன்னார்கள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வயலின் பெறுமதி இன்றைக்கு எவ்வளவு வரும் என்று போன மாதம் விசாரித்து வைத்திருக்கிறேன். அவளுடைய தம்பிமாரிடம் இன்னும் பேசவில்லை.

போன கிழமை மச்சானின் கடைக்குப் போனபோது பப்பாசி வந்து இறங்கியிருந்தது. "இதுக்கு அவங்கட ஆக்கள் என்ன சொல்றாங்க?" என்றார். அவர் அந்தப் பொடியனை மறக்கவில்லை. பப்பாசி அவர்களுக்குள் இன்னும் ஓயாத வழக்கு. தண்டு நிற்கிறது, அதே தண்டில் திரும்பக் காய்க்கிறது, ஆகவே மரம் என்பது ஒரு கட்சி. தண்டு உள்ளே பொந்து, விதை போட்ட ஒரு வருடத்துக்குள் காய்க்கிறது, சில வருடத்தில் முடிந்துவிடுகிறது, ஆகவே பயிர் என்பது மறு கட்சி. இதில் ஓதல் மட்டுமல்ல, வேறொன்றும் தொங்குகிறது. மரமென்றால் முதல் மூன்று வருடத்துக் கனி அவர்களுக்கு ஆகாது. அப்படிப் பார்த்தால் பப்பாசியின் நல்ல காய்ப்பு முழுவதும் போய்விடும். பெரும்பாலானோர் ஹா அதாமா சொல்கிறார்கள். மரமாகவே இருந்தாலும் மண்ணில்தானே நிற்கிறது, பொய்யாகாது.

"நீ வெவசாயம் படிச்ச ஆள், ஒண்ட முடிவு என்ன?" என்றார் மச்சான். தாவரவியலும் அதைத் தெளிவான மரமென்று சொல்லாது, மரம் மாதிரி வளரும் பூண்டு என்றுதான் சொல்லும் என்றேன். அவர் கத்தியை எடுத்து ஒரு பழத்தைப் பிளந்தார். உள்ளே கறுப்பு விதைகள் பளபளத்தன. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.